அழகேசன் லென்ஸ் மாற்றிய கதை

கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு யார் எங்கே நிற்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பொண்ணு மாப்பிள்ளை நடுவில். அவர்களை ஒட்டி, சட்டைப் பையில் பேனா தெரிய நிற்கும் வாத்தியார் மாமா, கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு வந்த அத்தை. அப்படியே தள்ளிக்கொண்டு போனால், கடைசியில் ஓரத்தில் வந்து நிற்பவர்கள் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவர்கள், புருஷனை இழந்தவர்கள், கூலி வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்த தூரத்து உறவுகள். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று போட்டோக்காரர் கத்துவதும் அவர்களைப் பார்த்துத்தான். நடுவில் இருப்பவர்கள் நெருங்க மாட்டார்கள், பட்டுப்புடவை கசங்கிவிடும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருந்த அழகேசனும் பத்து வருஷமாக அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தான். குரும்பலூரிலிருந்து மீன்சுருட்டி வரைக்கும் அவன் கால் படாத கல்யாணப் பந்தல் கிடையாது. குரல் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. ஆனால் கோபம் வந்த வேகத்தில் போயும் விடும்.

கல்யாணத்துக்கு அடுத்தபடி அவனுக்குச் சோறு போட்டது சாவு. யாராவது போய்விட்டால் பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு உண்டு. இறந்தவரின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து, மாலை போட்டு, விளக்கேற்றி, துணியை விலக்குவார்கள். ஏழை பாழைக்குத் தனிப்படம் ஏது? என்றைக்கோ யார் கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, ஓரத்தில் விரலை வைத்து, "இவங்கதான்" என்பார்கள். அழகேசன் அந்த நெகட்டிவைத் தேடி எடுத்து, அந்த ஒரு முகத்தை மட்டும் பெரிதாக்கித் தருவான்.

பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆலத்தியூர்ப் பக்கத்திலிருந்து நல்லுசாமி என்றொருவர் வந்தார். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஆள். எவ்வளவு குளித்தாலும் போகாத வெள்ளைப் புழுதி காது மடலில் ஒட்டியிருந்தது. பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து ஒரு குரூப் போட்டோவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எங்க மச்சான் மவ கல்யாணத்துல நீங்கதான் தம்பி புடிச்சீங்க. இந்தக் கடைசில கட்டம் போட்ட சீலை கட்டிக்கிட்டு நிக்கிறா பாருங்க, மருதாயி. எம்பொண்டாட்டி. போன வெள்ளிக்கெழம போயிட்டா."

"வேற படம் எதுவும் இல்லீங்களா அண்ணே?"

"ஏதுங்க. அதுக்கெல்லாம் எங்க நேரம்? இது ஒண்ணுதான்."

அழகேசன் நெகட்டிவை எடுத்துப் பெரிதாக்கினான். இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், மருந்துத் தண்ணீருக்குள் முகம் மெல்ல எழும்பி வந்தது. வந்தது முகமாக இல்லை. சிலேட்டில் எழுதியதை ஈரக்கையால் தேய்த்த மாதிரி ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு கறை, வாய் இருந்த இடத்தில் ஒரு கீற்று. இப்படி வருவது புதிதல்ல. பென்சிலால் புருவத்தைத் தொட்டு, கண்ணுக்கு ஒரு புள்ளி வைத்துச் சரிக்கட்டினான். அழுகிற வீட்டில் யார் அதை உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

நல்லுசாமி உற்றுப் பார்த்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, கோபமே இல்லாமல் சொன்னார்.

"இது எம்பொண்டாட்டி இல்லீங்க."

"இல்லண்ணே, அவங்கதான். நீங்க காட்டின அதே ஆளுதான். சீலையப் பாருங்க."

"சீல அவளுதுதான். மூஞ்சி அவ இல்ல. அவளுக்கு இந்த எடத்துல ஒரு தழும்பு இருக்கும், மேலுதடு லேசாத் தூக்கியிருக்கும். இது யாரோ." படத்தை மேசைமேலேயே மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டார். மருதாயிக்குப் படத்திறப்பே நடக்கவில்லை, வெறும் விளக்கை வைத்துக் கும்பிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டான்.

நல்லுசாமி போன அன்றைக்கு அழகேசன் ஸ்டூடியோவைத் திறந்து போட்டபடியே பழைய நெகட்டிவ்களையெல்லாம் எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஓரங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனான். எல்லாம் மருதாயிதான். நடுவில் பொண்ணு மாப்பிள்ளையின் இமை முடிகூட எண்ணலாம். ஓரத்துக்குப் போகப் போக முகங்கள் கரைந்துகொண்டே போயின. பத்து வருஷமாக ஓரத்தில் நின்ற அத்தனை பேரையும் கூலி வாங்கிக்கொண்டு அழித்திருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது. வெட்கமாக இருந்தது. அவன் மனைவி தனக்கொடி சாப்பிடக் கூப்பிட்டபோது எரிந்து விழுந்தான்.

அந்தக் கேமராவின் பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜப்பானில் செய்ததுதான். ஊரில் பாதிப்பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள், நன்றாகவே எடுத்தார்கள். அழகேசனிடம் வந்தது மூன்று கை மாறிய லென்ஸ், எவன் எப்படிக் கழற்றி மாட்டினானோ. லென்சை மட்டும் மாற்றினால் போதும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். கேட்டால்தானே? ஒரு மாடு முட்டினால் பட்டியையே விற்றுவிடுகிற ஆள் அவன். திருச்சியில் பெரிய ஸ்டூடியோ வைத்திருந்த வெள்ளைச்சாமி, "நிக்கான் லென்ஸ் ஓரம் வரைக்கும் கத்தி மாதிரி வெட்டும்" என்று சொல்லிவிட்டார். அது போதும். ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனிக் கேமராவில் உட்காராது என்பதால் பழைய கேமராவையும் லென்சோடு சேர்த்து விற்றான்.

"ஏன்யா, ஓரத்துல நிக்கிறவனா ஒனக்குக் கூலி குடுக்குறான்? நடுவுல நிக்கிறவன்தானய்யா குடுக்குறான்" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். தனக்கொடி மட்டும், "வாங்கிட்டு வாங்க. அந்த மனுசன் மூஞ்சிய என்னாலயும் மறக்க முடியல" என்றாள்.

தனக்கொடியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்டூடியோவில் பாதி வேலை அவளுடையது. வருகிற பெண்களுக்குத் தலை வாரிவிடுவாள், அழுகிற குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவாள், படங்களை வெட்டிக் கவரில் போடுவாள். ஆனால் அவளைப் படம் எடுத்ததில்லை. அவர்கள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்தவர் பிலிமைச் சரியாக மாட்டாமல், ஓடாத பிலிமிலேயே பகல் முழுக்க அமுக்கிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரே மகள், பிரவீணா. ஆக வீட்டில் மூன்று பேர். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் ஒருவருக்கு ஆகாது என்பது நம் பக்கத்து நம்பிக்கை. வாடிக்கைக்காரர்கள் மூன்று பேராக வந்தால் அழகேசனே தெருவில் போகிற ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்தி நாலாக்குவான். தன் குடும்பம் என்று வந்தபோது தனக்கொடி ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னொண்ணு பொறக்கட்டுங்க, நாலு பேரா எடுத்துக்கலாம். அடுத்த வூட்டுப் புள்ளைய எதுக்கு நம்ம படத்துல நிக்க வெக்கணும்?" என்றாள். இன்னொன்று பிறக்கவே இல்லை. ரோல் கடைசியில் ஒரு படம் மிச்சமிருந்தால், "என்னை எடுத்து என்னத்துக்கு? புள்ளைய எடுங்க" என்று பிரவீணாவைத் தள்ளிவிட்டுவிடுவாள்.

நிக்கான் வந்த மறுநாள் காலையில், ஸ்டூடியோவுக்குப் பின்னால் ரைஸ்மில்லின் நீளமான செங்கல் சுவரில் லென்சைச் சோதித்துப் பார்த்தான். ஓரத்துக்கு ஓர் ஆள் வேண்டும். சுவரின் கடைசியில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் தனக்கொடியை ஏற்றினான். கையில் பிரவீணாவின் பழைய சிலேட்டு. லென்சைத் திறந்து மூடுகிற ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண் உண்டு. அதைச் சாக்பீஸால் எழுதிப் பிடிக்க வேண்டும். படத்தின் மேல்மூலையில் எழுத்து எவ்வளவு தெளிவாக விழுகிறது என்பதுதான் சோதனை.

"இன்னும் மேல தூக்கு தனம்."

"கை வலிக்குதுங்க. மூஞ்சிய மறைக்குதே."

"மூஞ்சி கெடக்குது வுடு. எழுத்து விழுந்தாப் போதும்."

அவள் தூக்கிப் பிடித்தாள். எண்ணை அழிப்பாள், புது எண்ணை எழுதுவாள், மறுபடி தூக்குவாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. எல்லாம் முடிந்து, ஸ்டூலிலிருந்து இறங்கி, சிலேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகத்து வேர்வையை முந்தானையால் துடைத்தபடி அவனுக்குப் பக்கத்தில் வந்தாள். என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"எழுத்தையே எடுத்துக்கிட்டிருக்கீங்களே, என்னை ஒண்ணு எடுங்களேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாய் திறந்து கேட்டது அந்த ஒரு தடவைதான். அழகேசனும் சிரித்துக்கொண்டு கேமராவைக் கண்ணுக்குத் தூக்கினான். அவள் கிட்டத்தில் நின்றாள். தூரத்துச் சுவருக்கு வைத்திருந்த லென்சைக் கிட்டத்துக்குத் திருப்ப வேண்டும். இந்தக் கம்பெனி லென்சில் வளையம் பழையதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுற்றும். அவனுக்குத் தெரியும், கடையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெரிந்து என்ன? பத்து வருஷப் பழக்கத்தில் கை பழைய பக்கமே திருப்பியது. அவள் மங்கினாள். இன்னும் திருப்பினான், இன்னும் மங்கினாள். அதற்குள் அவளுக்கு வெட்கம் வந்து முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகப் பார்க்க, சிரிப்பு போய்விடுமே என்ற அவசரத்தில் அமுக்கிவிட்டான். ரோல் முடிந்தது.

பிலிமைக் கழுவிப் பார்த்தபோது அழகேசனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேல்மூலையில் சிலேட்டு, சிலேட்டில் எண், எண்ணில் சாக்பீஸ் உதிர்ந்த பொடி வரைக்கும் தெரிந்தது. சட்டத்தைப் பிடித்திருந்த அவள் கையில் கண்ணாடி வளையலின் பூவேலை தெரிந்தது. கடைசிப் படத்தில் மட்டும் பின்னால் இருந்த செங்கல் சுவர் பளிச்சென்று விழுந்திருக்க, அவள் வெறும் புகையாக நின்றாள்.

"வளையத்த எதிர்ப்பக்கம் திருப்பிட்டேன் தனம். இன்னொரு நாளைக்கு எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கலாம், எடுத்துக்கலாம். நான் எங்க போயிடப் போறேன்."

அதற்குப் பின் வந்த வருஷங்கள் அழகேசனுக்கு நல்ல வருஷங்கள். கை புது வளையத்துக்குப் பழகிவிட்டது. "அழகேசன் எடுத்தா ஓரத்துல நின்னாலும் மூஞ்சி வுழும்" என்று மாவட்டம் தாண்டியும் பேச்சானது. படத்திறப்புக்கு வந்தவர்கள் படத்தைப் பார்த்ததும் கேவி அழுதார்கள், மூக்குத்தி, அம்மைத் தழும்பு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவர்கள் அழுவது அவனுக்கு, சொன்னால் தப்பாக இருக்கும், சந்தோஷமாக இருந்தது. நல்லுசாமி மகன் கல்யாணத்துக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். தனக்கொடி அவனோடு எல்லாப் பந்தலுக்கும் போனாள். இரண்டாவது பிளாஷ் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படத்துக்குள் விழாதபடி, ஓரத்துக்கும் ஓரமாக நின்றாள். அந்த இன்னொரு நாள் மட்டும் வரவில்லை. வேலை ஓடிக்கொண்டிருந்தது, அவளும் பிறகு கேட்கவில்லை. கேட்காததால் அவனும் மறந்தான். ஊருக்கெல்லாம் கூரை வேய்ந்தவன் வீடு ஒழுகுகிறது என்பார்களே, அந்தக் கதைதான். அவன் மேல் கோபம் வருகிறது, ஆனால் கோபப்பட்டு இனி யாருக்கு என்ன?

2005 மாசியில், பிரவீணா திருச்சியில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, தனக்கொடி ஸ்டூடியோவில் படங்களுக்கு ஓரம் வெட்டிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காரில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். பாடாலூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பது வயதுகூட நிறையவில்லை.

கிடத்தியிருந்தபோது சொந்தக்காரர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "ஒரு படம் எடுத்து வெச்சுக்கப்பா." இறந்துபோன எத்தனையோ பேரை நாற்காலியில் சாய்த்து, தாடையைக் கட்டி, சுற்றிக் குடும்பத்தை நிறுத்தி எடுத்தவன்தான் அவன். "கண்ணு மூடுன படம் வேணாம்" என்று சொல்லிவிட்டான். கண் திறந்த படம் எங்கேயாவது இருக்கும் என்று நம்பினான்.

காரியத்துக்கு முன்னால் அப்பாவும் மகளும் ஸ்டூடியோவைத் தலைகீழாகப் புரட்டினார்கள். வாக்காளர் அட்டையில் இருந்த படம் தபால்தலை அளவு, அதுவும் கறுத்துப்போய். கல்யாண நெகட்டிவ்களில் எங்காவது தப்பித் தவறி விழுந்திருப்பாளா என்று தேடினால், ஓரிரண்டில் விளக்கைப் பிடித்த ஒரு கை இருந்தது, அவ்வளவுதான். வேலையில் அவ்வளவு சுத்தம் அவள். கடைசியில் பிரவீணாதான் ஒரு டப்பாவிலிருந்து அந்தச் சோதனை நெகட்டிவைக் கண்டெடுத்தாள்.

"அப்பா! அம்மாப்பா!"

விளக்கு மேசையில் வைத்துக் கண்ணாடியால் பார்த்தான். வரிசையாக அவள் நின்றாள். புடவைக் கரை, மெட்டி, வளையல், விரல் நகம் எல்லாம் துல்லியம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிலேட்டு. சிலேட்டுக்கு மேலே நடுவகிடு கொஞ்சம். மூஞ்சி கெடக்குது வுடு என்று சொன்னது யார்? அழகேசன் தலையில் அடித்துக்கொண்டான். பிரவீணாவுக்கு ஏன் என்று புரியவில்லை.

திருச்சி வெள்ளைச்சாமி ஒரு வழி சொன்னார். அவர் கடையில் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. தனக்கொடியின் தங்கை முகத்தை எடுத்து, மூக்கை மட்டும் மாற்றி, பொட்டு வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். "எனக்குத் தெரியுமேண்ணே" என்று சொல்லி அழகேசன் போனை வைத்தான்.

பிறகு அந்தக் கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனான். மருந்துத் தண்ணீருக்குள் முதலில் செங்கல்கள் வந்தன, ஒவ்வொன்றாக எண்ணலாம் போல. அவற்றுக்கு முன்னால் மெதுவாக ஒரு புகை திரண்டது. கறுப்பாகத் தலைமுடி. அதற்குக் கீழே இரண்டு கறை, ஒரு வெளிச்சக் கீற்று. சிரிப்பு அதுதான். பக்கத்தில் பென்சில் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

பதினாறாம் நாள் பிரவீணா துணியை விலக்கினாள். கூட்டத்தில் மெல்லக் கிசுகிசுப்பு எழுந்தது. "தனக்கொடியா இது? ஒண்ணுமே தெரியலையே. போட்டோக்காரன் பொண்டாட்டிக்கு இப்படியா ஒரு படம்?" தனக்கொடியின் அம்மா மட்டும் நேராகவே கேட்டுவிட்டாள். "மாப்பிள்ள, எம்மவளோட வேற படம் இல்லியாய்யா?"

"இல்லத்தே" என்றான் அழகேசன். "இது ஒண்ணுதான்." சொல்லும்போதே அது யாருடைய வார்த்தை என்று அவனுக்கு நினைவு வந்தது.

நல்லுசாமியும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எல்லோரும் பந்திக்குப் போன பிறகும் அவர் படத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அழகேசன் பக்கத்தில் போனபோது, திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு நான் வேணாம்னு வெச்சிட்டுப் போனேனே, அந்தப் படம் இருக்குங்களா?"

இருந்தது. இருட்டறைக் கதவின் உட்பக்கத்தில் அன்றைக்கே அதை ஒட்டி வைத்திருந்தான், மோசமான லென்ஸ் என்ன செய்யும் என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள. போய்ப் பிய்த்துக்கொண்டு வந்தான். மூலைகள் கிழிந்திருந்தன, மருந்து தெறித்து ஒரு பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. நல்லுசாமி அதைத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இவதாங்க" என்றார்.

அழகேசனுக்குப் புரியவில்லை. "அன்னைக்கு நீங்க இவங்க இல்லேன்னீங்களேண்ணே?"

"அப்ப அவ மூஞ்சி எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு தம்பி. அதனால இல்லேன்னேன்." படத்தை மார்போடு சேர்த்துக்கொண்டார். "இப்ப எனக்கே இம்புட்டுதான் ஞாபகம் இருக்கு."

அவர் போன பிறகு அழகேசன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். சிலேட்டை இடுக்கியபடி அவள் வந்தாள். மூக்கு நுனியில் வேர்வை, இடது கன்னத்தில் சாக்பீஸ் பொடி, வாய்க்குப் போகிற முந்தானை. எல்லாம் இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. எதுவும் நகர்ந்துவிடக் கூடாதே என்று கண்ணைத் திறக்காமலே இருந்தான். பிரவீணா வந்து தோளைத் தொட்டு, "சாப்பிட வாங்கப்பா" என்று கூப்பிட்டபோதும் திறக்கவில்லை.